ஹென்சன் வாழாத ஹென்சன் வீடு: ஒரு நிகழ்வு ஆய்வு

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில், தலைநகர் வாஷிங்டனின் வடமேற்கு எல்லையைத் தொட்டுக்கொண்டிருக்கிறது மான்ட்கோமரி கவுண்டி. கவுண்டி என்பதை நம் மாவட்டம் என்று வைத்துக்கொள்ளலாம். 2020 கணக்கெடுப்பில் இதன் மக்கள்தொகை 10,62,061. தலைநகருக்கு வேலைக்குப் போய்வருகிறவர்கள் நிறைந்த புறநகர். மனை விலையும் அதற்கேற்றபடிதான். 2006 ஜனவரியில் இந்தக் கவுண்டியின் திட்ட வாரியம் 10 லட்சம் டாலர் கொடுத்து ஒரு பழைய வீட்டை வாங்கியது. 'அங்கிள் டாம்ஸ் கேபின்' (டாம் மாமாவின் குடில்) என்ற உலகப் புகழ்பெற்ற நாவலின் நாயகனான அடிமை டாமுக்கு முன்மாதிரியாக இருந்த ஜோசையா ஹென்சன் வாழ்ந்த மரக்குடில் அந்த வீட்டோடு ஒட்டி நிற்கிறது என்ற நம்பிக்கையில்தான் வாங்கினார்கள். வாங்கிய பின் ஆய்ந்து பார்த்ததில், அவர் அந்தக் குடிலில் வாழ்ந்திருக்கவே முடியாது என்று தெரியவந்தது.

அதன்பின் அந்த வீடு என்னவாயிற்று என்பதை இங்கே பதிவு செய்கிறேன். வரலாற்று மாந்தர்களைத் தவிர, முடிவெடுத்த அதிகாரிகள், ஆய்வாளர்கள், வீட்டை விற்ற குடும்பத்தார் ஆகியோரின் பெயர்களைக் குறிப்பிடவில்லை.

பின்னணி: கவுண்டியும் அதன் பெரிய மனிதர்களும்

"இவர் எங்கள் ஊர்க்காரர்" என்று சொல்லிக்கொள்ளும் ஆசை எல்லா ஊருக்கும் உண்டு. மான்ட்கோமரியின் பட்டியல் நீளமானது. ஆனால் அதில் உள்ள பெரிய பெயர்களில் பல, வெளியில் பிறந்து இங்கே வந்து சேர்ந்தவை. ரேச்சல் கார்சன் பிறந்தது பென்சில்வேனியாவில். பூச்சிக்கொல்லிகளின் தீங்கை உலகுக்குச் சொன்ன 'சைலன்ட் ஸ்பிரிங்' (1962) நூலை எழுதியது இந்தக் கவுண்டியின் சில்வர் ஸ்பிரிங்கில். 1964இல் அந்த வீட்டிலேயே இறந்தார். அமெரிக்க செஞ்சிலுவைச் சங்கத்தை நிறுவிய கிளாரா பார்ட்டன் மாசசூசெட்ஸில் பிறந்தவர். கடைசிக் காலத்தை கிளென் எக்கோவில் கழித்து 1912இல் அங்கேயே காலமானார். எழுத்தாளர் ஸ்காட் ஃபிட்ஜெரால்டின் தொடர்பு இன்னும் மெலிது: ஹாலிவுட்டில் இறந்தவரின் கல்லறை ராக்வில்லில் இருக்கிறது, அவ்வளவுதான். வடதுருவப் பயணி மேத்யூ ஹென்சனின் (இவர் வேறு ஹென்சன்) பெயரில் இங்கே ஒரு மாநிலப் பூங்காவே உண்டு. அவர் பிறந்ததோ மேரிலாந்தின் தெற்கே உள்ள சார்லஸ் கவுண்டியில்.

கார்சனுக்கும் பார்ட்டனுக்கும் சொந்தமாக வீடு இருந்தது. அந்த வீடுகள் நிற்கின்றன, பாதுகாக்கப்படுகின்றன. "இங்கேதான் வாழ்ந்தார்" என்று கைகாட்ட ஒரு கதவு இருக்கிறது. நாம் பார்க்கப்போகும் ஜோசையா ஹென்சனுக்கு அப்படி எதுவும் கிடையாது. அவரே இன்னொருவரின் உடைமையாக இருந்தவர். சிக்கலின் வேர் இதுதான் என்பது என் கணிப்பு.

அவர் இங்கே வாழ்ந்த வாழ்க்கை

ஹென்சன் 1789இல் பிறந்தார். அதுவும் சார்லஸ் கவுண்டிதான். தன் மனைவியிடம் அத்துமீறிய மேற்பார்வையாளனை அடித்த குற்றத்துக்காக அவருடைய தந்தைக்கு நூறு கசையடி கொடுத்து, ஒரு காதைக் கம்பத்தில் ஆணியடித்து அறுத்தார்கள். பிறகு தெற்கே அலபாமாவுக்கு விற்றுவிட்டார்கள். எஜமானர் இறந்தபோது மீதிக் குடும்பமும் ஏலத்துக்கு வந்தது. தாயை வாங்கியவர் மான்ட்கோமரி கவுண்டியைச் சேர்ந்த ஐசக் ரைலி. "என் கடைசிப் பிள்ளையையும் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள்" என்று அந்தத் தாய் ரைலியின் காலைக் கட்டிக்கொண்டு கெஞ்சினாள். அவர் உதைத்துத் தள்ளினார். ஐந்தாறு வயதுச் சிறுவன் இன்றைய ராக்வில் பகுதியில் விடுதி நடத்திய இன்னொருவரிடம் போனான். அங்கே நோயில் விழுந்து, பிழைக்கமாட்டான் என்று தோன்றியபோது, குதிரைக்கு லாடம் அடிக்கும் கூலிக்கு ஈடாக ரைலியிடம் தள்ளிவிடப்பட்டான். தாயோடு மறுபடி சேர்ந்தது இப்படித்தான்.

அதிலிருந்து 1825 வரை, சுமார் முப்பது ஆண்டுகள், ஹென்சன் ரைலி பண்ணையில் அடிமையாக இருந்தார். அடிமைகளின் இருப்பிடத்தை 1849இல் வெளியான தன் வரலாற்றில் விவரித்திருக்கிறார்: மரத்தண்டுகளை அடுக்கிய குடிசைகள், வெறும் மண்தரை, ஒரே அறையில் ஆணும் பெண்ணும் குழந்தைகளுமாகப் பத்துப் பன்னிரண்டு பேர். சோளமாவும் உப்பிட்ட ஹெர்ரிங் மீனும்தான் முக்கிய உணவு. பதினெட்டு வயதில் நியூபோர்ட் மில் என்ற இடத்தில் முதன்முதலாக ஒரு கிறித்தவப் பிரசங்கத்தைக் கேட்டார். பின்னாளில் போதகரானதற்கு வித்து அங்கே விழுந்தது. நியூபோர்ட் மில் சாலை இன்றும் அந்தக் கவுண்டியில் இருக்கிறது.

பண்ணையை நிர்வகித்து, விளைச்சலை ஜார்ஜ்டவுனிலும் வாஷிங்டனிலும் விற்றுவரும் அளவுக்கு ரைலி அவரை நம்பினார். குடிக்கடைச் சண்டைகளில் இருந்து எஜமானரைத் தூக்கிக்கொண்டு வருவதும் அவர் வேலைதான். அப்படி ஒரு சண்டையில் தள்ளுமுள்ளு நடந்து, ரைலியின் சகோதரருடைய மேற்பார்வையாளன் கீழே விழுந்தான். சில நாள் கழித்து அவன் வழிமறித்து வேலிக்கம்பால் அடித்ததில் ஹென்சனின் கையும் தோள்பட்டை எலும்புகளும் முறிந்தன. அதற்குப்பின் வாழ்நாள் முழுக்க அவரால் கைகளைத் தலைக்குமேல் உயர்த்த முடியவில்லை.

1825இல் ரைலி கடனில் மூழ்கினார். தன் அடிமைகளைக் கடன்காரர்களிடம் இருந்து காப்பாற்ற, பதினெட்டுப் பேரையும் கென்டக்கியில் இருந்த சகோதரரின் பண்ணைக்கு அழைத்துப்போகும்படி ஹென்சனிடம் ஒப்படைத்தார். வழியில் சின்சினாட்டி, அடிமைமுறை இல்லாத ஒஹாயோ மண். அங்கேயே இறங்கியிருந்தால் அத்தனை பேரும் விடுதலை. வாக்குக் கொடுத்துவிட்டேன் என்று ஹென்சன் படகை மேலே செலுத்தினார். அதற்காகப் பின்னாளில் வருந்தி எழுதியிருக்கிறார்.

1828இல் விடுதலைப் பணம் சேர்த்துக்கொண்டு மேரிலாந்துக்கு ஒருமுறை திரும்பினார். அந்த இரவு அவரை அடுக்களையில், மண்தரையில், மற்றவர்களோடு நெருக்கிப் படுக்கவைத்தார்கள். இந்த ஒரு வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். விடுதலைக்குப் பேசிய விலை 450 டாலர். கென்டக்கி திரும்பிய பிறகுதான் பத்திரத்தில் 1,000 டாலர் என்று எழுதியிருப்பது தெரிந்தது. இனி பேரம் பேசிப் பயனில்லை என்று 1830இல் மனைவியையும் நான்கு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு கனடாவுக்குத் தப்பினார். ஒன்டாரியோவில் விடுதலை பெற்றவர்களுக்கான டான் குடியிருப்பை உருவாக்கியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. 1877இல் விக்டோரியா மகாராணியைச் சந்தித்தார். 1883இல் ஒன்டாரியோவின் டிரெஸ்டனில் இறந்தார்.

ஹாரியட் பீச்சர் ஸ்டோவின் 'அங்கிள் டாம்ஸ் கேபின்' 1851இல் பத்திரிகைத் தொடராகவும் 1852இல் நூலாகவும் வந்தது. கதைக்கு ஆதாரங்கள் என்று 1853இல் அவர் தந்த விளக்க நூலில் ஹென்சனையும் குறிப்பிட்டார். பிறகு ஹென்சனின் தன்வரலாற்றுப் பதிப்புகளே அந்த உறவை முன்வைத்து விற்றன. "அங்கிள் டாம் இவர்தான்" என்று ஊர் உலகம் சொல்லத் தொடங்கியது. நாவலில் வரும் குடில் கென்டக்கியில் இருக்கிறது என்பதை மட்டும் யாரும் பொருட்படுத்தவில்லை.

வீடு விலைக்கு வருகிறது

ரைலியின் மரவீடு இன்றைய நார்த் பெதஸ்டாவில், ஓல்டு ஜார்ஜ்டவுன் சாலையில், சுமார் ஒரு ஏக்கர் மனையில் நிற்கிறது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டியது. 1930களில் காலனியக் கால பாணியில் புதுப்பித்திருந்தார்கள். வீட்டின் ஒரு பக்கத்தில் மரத்தண்டுகளால் ஆன ஓர் அறை ஒட்டியிருந்தது. பெரிய கணப்பு, தாழ்வான கூரை. பார்த்தவுடன் "இதுதான் அந்தக் குடில்" என்று சொல்லத் தோன்றும் தோற்றம். குடியிருந்தவர்களும் அக்கம்பக்கத்தாரும் பல பத்தாண்டுகளாக அப்படியே சொல்லிவந்தார்கள்.

உரிமையாளரின் மறைவுக்குப் பிறகு, 2005 கடைசியில் வீடு விற்பனைக்கு வந்தது. அந்தப் பகுதியில் ஒரு ஏக்கர் என்றால் கட்டடத் தொழில்காரர்கள் சும்மா விடமாட்டார்கள். இடித்துவிட்டுப் புது வீடு எழுப்பவும் வாய்ப்பிருந்தது. ஆற அமர ஆய்வு செய்து முடிவெடுக்கும் அவகாசம் திட்ட வாரியத்துக்கு இல்லை. 2006 ஜனவரியில் வாங்கிவிட்டார்கள். வாங்கியபோது எல்லோர் வாயிலும் இருந்த பெயர் அங்கிள் டாம்ஸ் கேபின்.

அவர்கள் கையில் இருந்த ஆதாரங்களைத் தனித்தனியாகப் பார்த்தால் எதிலும் பழுதில்லை. நிலம் ரைலியுடையது: உண்மை. ஹென்சன் ரைலியின் அடிமை: உண்மை. அவர் மரக்குடிசையில் வாழ்ந்தார்: அவரே எழுதியிருக்கிறார். ஓர் இரவு அடுக்களையில் படுத்தார்: அதுவும் அவரே எழுதியது. ஸ்டோவ் அவரைக் குறிப்பிட்டார்: அச்சில் இருக்கிறது. இத்தனை உண்மைகளையும் ஒன்றோடொன்று கோத்த நூல்தான் யாரும் இழுத்துப் பார்க்காதது. அந்த மரத்தண்டு அறைக்கு என்ன வயது என்று கேட்டவர் இல்லை.

கண்டறிந்தவை

வாங்கிய பின் வரலாற்றாய்வாளர்களும் மர வளைய ஆய்வாளர்களும் வந்தார்கள். மர வளைய ஆய்வின் முறை எளிமையானது. தண்டில் பென்சில் கனத்துக்குத் துளையிட்டு ஒரு குச்சி போல மாதிரி எடுப்பார்கள். மழை நன்றாகப் பெய்த ஆண்டில் வளையம் அகலமாகவும் வறண்ட ஆண்டில் ஒடுக்கமாகவும் இருக்கும். இந்த அகல ஒடுக்க வரிசையை, அந்த வட்டாரத்து மரங்களுக்கு ஏற்கெனவே தயாரித்து வைத்திருக்கும் காலவரிசையோடு பொருத்துவார்கள். பட்டைக்கு அடியில் உள்ள கடைசி வளையம் கிடைத்துவிட்டால் மரம் வெட்டப்பட்ட ஆண்டே தெரிந்துவிடும். மரக்குடில் கட்டுகிறவர்கள் தண்டைக் காயவைத்துக் காத்திருப்பதில்லை, பச்சையாகவே அடுக்கிவிடுவார்கள். ஆகவே வெட்டிய ஆண்டும் கட்டிய ஆண்டும் ஏறக்குறைய ஒன்றுதான்.

விடை 1850ஐ ஒட்டி வந்தது. ஹென்சன் அடிமையாக இருந்த காலத்தில் மேரிலாந்தைக் கடைசியாக விட்டுப்போய் சுமார் இருபது ஆண்டுகள் கழித்து வெட்டிய மரங்கள் அவை. ஏறக்குறைய அதே சமயத்தில்தான் ஸ்டோவ் தன் தொடரை எழுதத் தொடங்கியிருந்தார்.

அந்த அறை எதற்காகக் கட்டப்பட்டது என்பதும் தெளிவானது. அது வீட்டின் அடுக்களை. அடிமைகள் அங்கே சமைத்திருக்கலாம், படுத்துமிருக்கலாம். மேரிலாந்தில் அடிமைமுறை 1864 நவம்பர் வரை நீடித்தது. ஆனால் ஹென்சன் படுத்த அடுக்களை அது இல்லை.

செய்தி வெளியானபோது கேலிக்குக் குறைவிருக்கவில்லை. வரிப்பணத்தில் 10 லட்சம் கொடுத்து வேறு யாரோ கட்டிய சமையலறையை வாங்கினார்கள் என்று சொல்வது சுலபம்தானே.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

அந்த நிலையில் மூன்று வழிகள் இருந்தன என்று வைத்துக்கொள்ளலாம். வீட்டை விற்றுக் கைகழுவலாம். ஆய்வு முடிவை அடக்கி வாசித்து, பழைய பெயரிலேயே சுற்றுலா நடத்தலாம். உலகில் பல இடங்களில் இது நடக்கிறது. அல்லது வீட்டை வைத்துக்கொண்டு, அது சொல்லும் கதையை மாற்றலாம்.

மூன்றாவதைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். நியாயம் வலுவானது. அறை பொய்யானாலும் நிலம் பொய்யில்லை. முதன்மை வீடு ஹென்சன் காலத்திலேயே நின்றது, ரைலி அதில்தான் குடியிருந்தார். ஹென்சன் உழுத நிலம், அவர் தாய் உழைத்த பண்ணை இதுதான். பண்ணையின் மீதியெல்லாம் மனைகளாகவும் சாலைகளாகவும் மாறிவிட்ட பிறகு, தோண்டிப் பார்க்க எஞ்சியது இந்தத் துண்டுதான்.

இரண்டாவது முடிவு பெயர் மாற்றம். நாவலின் பெயரை விட்டுவிட்டு, ஜோசையா ஹென்சன் பூங்கா என்று அழைக்கத் தொடங்கினார்கள். மர வளையம் மட்டும் இதற்குக் காரணம் என்று நான் நினைக்கவில்லை. 'அங்கிள் டாம்' என்பது கறுப்பின அமெரிக்கர்களிடையே வெள்ளையருக்குக் குழைகிறவனைக் குறிக்கும் வசையாக எப்போதோ மாறிவிட்டது. குடும்பத்தோடு தப்பி, ஒரு குடியிருப்பையே உருவாக்கிய மனிதரின் நினைவிடத்துக்கு அந்தப் பெயர் எப்படிப் பொருந்தும்? ஒரு கற்பனைப் பாத்திரத்தின் நிழலில் இருந்து நிஜ மனிதரை வெளியே கொண்டுவர, ஆய்வு ஒரு நல்ல சாக்காகவும் அமைந்தது.

மூன்றாவது, அவசரப்பட்டுத் திறக்காதது. சில குறிப்பிட்ட நாள்களில் மட்டும் பார்வையாளர்களை அனுமதித்து, மற்ற நேரம் அகழாய்வுக்கு விட்டார்கள். அடுக்களையின் உள்ளேயும் வீட்டைச் சுற்றியும் குழிகள் தோண்டப்பட்டன. 2014இல் ஒரு பொதுத் தொலைக்காட்சித் தொடரின் தொல்லியல் குழுவினர் இந்த இடத்தைப் பற்றிய நிகழ்ச்சியை வெளியிட்டார்கள். தோண்டாமலே மண்ணுக்கடியில் பார்க்கும் ரேடார் போன்ற கருவிகளோடு, அடிமைகளின் குடிசைகள் நின்ற இடத்தை அவர்கள் தேடியிருந்தார்கள்.

பிறகு நடந்தவை

2011இல் அந்த வீடு தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டில் சேர்ந்தது. பதிவான பெயர் ரைலி-போல்டன் வீடு. உடைமையாளர்களின் பெயர்தான் ஏட்டில் ஏறியது. பதிவேடுகளின் வழக்கம் அது.

2021 ஏப்ரலில் ஜோசையா ஹென்சன் அருங்காட்சியகமும் பூங்காவும் திறக்கப்பட்டன. வாங்கியதில் இருந்து 15 ஆண்டுகள். உள்ளே ஹென்சனின் வாழ்க்கை சித்திரக்கதை பாணியிலான பெரிய ஓவியங்களாக விரிகிறது. இது கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு என்பேன். அவர் தொட்ட நாற்காலி, உண்ட தட்டு என்று காட்ட ஒன்றும் இல்லாத இடத்தில், போலிப் பொருள்களை அடுக்காமல், அவர் எழுதிய வாழ்க்கையையே கண்முன் நிறுத்தியிருக்கிறார்கள். மரத்தண்டு அடுக்களையும் அங்கேயே இருக்கிறது, தன் உண்மையான வயதோடு. அருகில் செல்லும் மான்ட்ரோஸ் பார்க்வே என்ற சாலையும் பிறகு ஜோசையா ஹென்சன் பார்க்வே ஆனது.

கனடாவிலும் இதே போக்கு. டிரெஸ்டனில் ஹென்சன் கடைசியாக வாழ்ந்த வீடு உண்மையிலேயே அவருடையது. ஆனாலும் நீண்டகாலம் அது 'அங்கிள் டாம்ஸ் கேபின்' என்ற பெயரில்தான் இயங்கியது. 2022இல் ஜோசையா ஹென்சன் ஆப்பிரிக்க-கனடிய வரலாற்று அருங்காட்சியகம் என்று மாற்றினார்கள். தவறான குடிலை வாங்கிய கவுண்டி, சரியான வீட்டை வைத்திருந்தவர்களைவிட முன்னதாகவே பெயரை மாற்றியிருந்தது என்பது ஒரு வேடிக்கை.

எதை வேறுவிதமாகச் செய்யலாம்

முதலில் தோன்றும் பதில்: வாங்கும் முன்பே மர வளைய ஆய்வு. 10 லட்சம் டாலர் செலவுக்கு முன்னால் அதன் கட்டணம் ஒரு பொருட்டே இல்லை. விற்பவர் அனுமதித்தால் மாதிரி எடுக்கும் வேலையும் சீக்கிரம் முடிந்துவிடும். இதே நிலையில் வேறு ஊர் நிர்வாகம் இருந்தால் இதைத்தான் சொல்வேன்.

ஆனால் ஒரு சங்கடமான கேள்வியும் உண்டு. 2005இலேயே விடை தெரிந்திருந்தால் வாங்கியிருப்பார்களா? "ஹென்சனின் குடில்" என்றால் வாரியம் பணம் ஒதுக்கும். "ஹென்சனை அடிமையாக வைத்திருந்தவரின் வீடும், ஹென்சன் போன பிறகு கட்டிய ஒரு சமையலறையும்" என்றால் ஒதுக்குமா? சந்தேகம்தான். தவறான நம்பிக்கைதான் அந்த ஒரு ஏக்கர் மண்ணைக் காப்பாற்றியது. ஆகவே ஆய்வை மட்டும் முன்னுக்குக் கொண்டுவந்தால் போதாது. எதை வாங்குகிறோம் என்ற அளவுகோலும் மாறவேண்டும். அடிமைகளாக இருந்தவர்களுக்கு நிற்கும் வீடு எங்கும் அரிது. கட்டடம் இருந்தால்தான் நினைவிடம் என்று விதி வைத்தால், நினைவிடங்கள் எல்லாம் எஜமானர்களுக்கே போய்ச்சேரும். மண்ணையும், அதில் வாழ்ந்தவர் எழுதிவைத்த எழுத்தையும் போதிய காரணமாக ஏற்கும் கொள்கை முன்பே இருந்திருந்தால், அந்த அறைக்கு ஒரு புகழ்பெற்ற பெயரைச் சூட்டவேண்டிய தேவையே வந்திருக்காது.

அடுத்தது, விலைபேசும் நாளிலேயே பெயரை முழங்காமல் இருப்பது. "ரைலி பண்ணை, ஹென்சனோடு தொடர்புள்ளது, ஆய்வு நடக்கிறது" என்று அறிவித்திருந்தால் பின்னால் வந்த கேலியில் பாதி குறைந்திருக்கும். பணம் திரட்ட அந்த அறிவிப்பு உதவாது என்பது உண்மை. சரி, அந்த இழுபறி எந்த நிர்வாகத்துக்கும் இருக்கிறதுதான்.

கடைசியாக, கவுண்டிகள் தம் புகழ்பெற்றவர்களைப் பட்டியலிடும் முறை. "பிறந்தவர் அல்லது வாழ்ந்தவர்" என்ற ஒரே தலைப்பின் கீழ் கார்சனையும் ஹென்சனையும் போட்டால், விரும்பி வந்து வீடு கட்டியவரும் விலைக்கு வாங்கப்பட்டுக் கொண்டுவரப்பட்டவரும் ஒன்றாகிவிடுகிறார்கள். நான் எழுதினால் ஹென்சனின் வரி இப்படி இருக்கும்: பிறப்பு சார்லஸ் கவுண்டி, 1789, மான்ட்கோமரி கவுண்டியில் ஐசக் ரைலி பண்ணையில் அடிமையாக, 1825 வரை, அதன்பின் கென்டக்கி, 1830 முதல் கனடாவில் சுதந்திர மனிதராக, இறப்பு டிரெஸ்டன், 1883.